அவைக்குறிப்பில் ஒரு சிரிப்பு

“ஒரே ஒரு வரிதான் தங்கச்சி. அடிச்சுடு, உனக்குக் கோடி புண்ணியம்.”

எம்.எல்.ஏ. பாலகுரு கும்பிட்ட கையை இறக்கவில்லை. ஓட்டு கேட்டு வந்தபோதுகூட அந்தக் கை இவ்வளவு நேரம் சேர்ந்திருந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து அப்போதுதான் வீட்டுக்குள் நுழைந்த ஆன்மேரி, உட்காரச் சொல்லாமலே அவரைப் பார்த்தாள்.

ஆன்மேரி சட்டமன்றத்தில் நிருபர். பத்திரிகை நிருபர் இல்லை. சபைக்கு நடுவே உட்கார்ந்து, உறுப்பினர்கள் பேசுவதையெல்லாம் சுருக்கெழுத்தில் எடுத்து அவைக்குறிப்பாக்குகிறவள். பதினெட்டு வருஷமாக எத்தனை பேர் வாயிலிருந்து கொட்டிய குப்பையை அள்ளி டைப் அடித்திருக்கிறாள் என்று அவளுக்கே கணக்கில்லை.

பாலகுருவின் கையில் இருந்ததும் அவள் டைப் அடித்த நகல்தான். எழுத்துப்பிழை இருந்தால் திருத்தி அனுப்பச் சொல்லி, பேசினவருக்கே அனுப்புவது வழக்கம். வாசலில் நின்ற கார் மட்டும் அவருடையது இல்லை, உப்பள முதலாளி பச்சமுத்துவுடையது. “என் வண்டி சர்வீஸுக்குப் போயிருக்குது,” என்று கேட்காமலே சொன்னார்.

“எழுத்துப்பிழைன்னா திருத்தலாம் சார். வரியையே எடுக்கணும்னா சபாநாயகர்தான் சொல்லணும். உங்களுக்குத் தெரியாததா?”

“தெரியும்மா. அவர்கிட்ட போனா பேப்பர்காரன் மோப்பம் புடிச்சிடுவான். கடைசி காப்பி நாளைக்கு உன் டேபிளுக்குத்தானே வருது? நம்ம ஊர்ப் பொண்ணாச்சேன்னு வந்தேன்.”

எந்த வரி என்று அவள் கேட்கவில்லை. கேட்பானேன்? அந்தப் பக்கம் அவளுக்கு மனப்பாடம்.

போன வாரம் பாலகுரு சபையில் மரக்காணம் உப்பளத்துப் பெண்களைப் பற்றிப் பேசினார். விடியற்காலையில் பாத்தியில் இறங்கினால் மத்தியானம் வரை ஒதுங்க இடமில்லை. அதற்குப் பயந்தே தண்ணீர் குடிப்பதில்லை. ஒருத்தி பாக்கியில்லாமல் கிட்னியில் கல். ஆகவே உப்பள முதலாளிகள் செலவில் கழிப்பறை கட்டித் தர வேண்டும் என்றார்.

அதோடு வாயை மூடியிருக்கலாம். “அங்கே ஒதுங்க ஒரு புதர்கூடக் கிடையாது. நம் அமைச்சரை ஒருநாள் கொண்டுபோய் நிறுத்தினால் தெரியும்!” என்று சொல்லி, காலைப் பின்னிக்கொண்டு நெளிந்து வேறு காட்டினார்.

சபையே குலுங்கியது. மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். சிரிப்பு அடங்காமலே அமைச்சர் எழுந்து, “உறுப்பினர் கேட்டபடி கட்டித் தரப்படும்,” என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சீ, இதெல்லாம் மனுஷ ஜென்மமா என்று ஆன்மேரிக்குத் தோன்றியது. அதே பாத்தியில் முப்பது வருஷம் உப்பு வாரி, ஒரு கிட்னியைத் தொலைத்தவள் அவளுடைய அம்மா அருள்மேரி. அக்கா இன்னும் அங்கேதான் இறங்குகிறாள். ஆனால் காதில் விழுந்ததை எழுதத்தானே சம்பளம்? அந்தப் பேச்சுக்குக் கீழே அடைப்புக்குறி போட்டு ‘சிரிப்பு’ என்று எழுதினாள்.

ஒரே ஒரு ஆறுதல்தான். கேட்டதும் சொன்னதும் அவைக்குறிப்பில் ஏறிவிட்டால், உறுதிமொழிக் குழு அமைச்சரை விடாது. எங்கே கட்டினாய், எப்போது கட்டுவாய் என்று குடைந்துகொண்டே இருக்கும். அக்காவாவது தப்பித்துக்கொள்வாள்.

உள்ளறையில் அம்மா முனகினாள்.

“அம்மாவுக்கு இப்ப எப்படி இருக்குது?” என்றார் பாலகுரு.

“நேத்து மூத்திரத்துல ரத்தம் வந்துடுச்சு. வேற எப்படி இருக்கும்?” அவர் முகத்தில் காறித் துப்பாத குறையாகச் சொன்னாள்.

பாலகுரு தலையைக் குனிந்துகொண்டார். “நான் பேசினது தப்புதான் தங்கச்சி, ஒத்துக்கிறேன். ஊர்ல பெரிய மனுஷங்க மூஞ்சில முழிக்க முடியல. ராத்திரியெல்லாம் தூக்கமில்ல. அது அச்சுல ஏறிட்டா காலத்துக்கும் எனக்கு அசிங்கம்.”

அட, இந்த ஆளுக்கும் வெட்கம் என்று ஒன்று இருக்கிறதா! ஆன்மேரிக்கு நம்பவே முடியவில்லை. அவளுக்கு மட்டும் அந்தச் சிரிப்பு அங்கே இருக்க வேண்டுமென்று ஆசையா என்ன? நாளைக்கு அம்மாவின் வேதனை புத்தகமாகும்போது, அதன் வாலில் நாலு பேர் சிரித்ததும் சேர்ந்தா அச்சாக வேண்டும்?

விதியாவது ஒண்ணாவது, வேலை போனால் போகட்டும் என்று நகலை வாங்கினாள். பதினெட்டு வருஷத்தில் முதல்முறையாக, சபையில் நடந்த ஒன்றை நடக்காததாக்க சிவப்புப் பேனாவைத் திறந்து, அந்தக் கேலிப் பேச்சின் மேலும் ‘சிரிப்பு’ என்ற சொல்லின் மேலும் கோடு போட்டாள்.

பாலகுரு பதறிப்போய் அவள் கையைப் பிடித்தார்.

“ஐயய்யோ, சிரிப்பு இருக்கட்டும் தங்கச்சி! அந்தக் கக்கூஸை எடுத்துடு.”