பத்துக்கு எத்தனை

வீடியோ டெக்கில் பார்க்கிற படத்துக்கு முதலிலேயே மூன்று மார்க்கைக் கழித்துவிட வேண்டும். மிச்சமுள்ள ஏழுக்குள்தான் அது பிழைத்துக்கொள்ள வேண்டும்.

மலர்கொடி மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். டிவியில் கதாநாயகி அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இன்னும் ஐந்து நிமிஷத்தில் எல்லாரும் வரிசையாக நின்று சிரிப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஜன்னலுக்குச் சாக்கு கட்டியும் கூடத்தில் வெளிச்சம் கசிந்தது. குரும்பலூரில் அவர்கள் தெரு ஜனத்தில் பாதி அந்தக் கூடத்தில்தான் இருந்தது. டிவியும் டெக்கும் லப்பைக்குடிக்காட்டில் துபாயிலிருந்து வந்திருந்த ஒருவரிடம் இரவல் வாங்கியவை. வாங்கிவந்தவன் அவள் புருஷன் அமிர்தலிங்கம். அரியலூர் பஸ்ஸில் கண்டக்டர் என்பதால் அவனுக்கு எல்லா ஊரிலும் ஆள் உண்டு.

சுவரோரமாக அவள் அண்ணன் முத்துசாமி உட்கார்ந்திருந்தான். வந்து தன்னைக் கூட்டிப்போகும்படி அவள்தான் பிறந்த ஊரான திருமானூருக்குச் சொல்லியனுப்பியிருந்தாள். காலை பஸ்ஸில் வந்தான். கறிச்சோறு சாப்பிட்டான். படம் பார்க்க உட்கார்ந்தான். கூட்டிப்போகிற பேச்சை இன்னும் எடுக்கவில்லை.

தெருவில் மலர்கொடியின் மார்க்குக்குத் தனி மரியாதை. அடுத்த வீட்டுப் பஞ்சவர்ணம் அவளைக் கேட்காமல் எந்தப் படத்துக்கும் கிளம்ப மாட்டாள்.

ஒரே படத்துக்கு இடத்துக்கு இடம் மார்க் மாறும். டூரிங் கொட்டகையில் எட்டு வாங்கிய படம் பெரம்பலூர் தியேட்டரில் ஐந்துக்கு இறங்கிவிடும். கொட்டகையில் ஒரே மெஷின் என்பதால் ரீல் மாற்றும்போதெல்லாம் விளக்கைப் போடுவார்கள். அதற்கு ஒன்று கழிப்பாள். ரேடியோவில் ஒலிச்சித்திரமாகக் கேட்டதற்கு மார்க்கே கிடையாது.

ஒரு தடவை ஊரே கொட்டாவி விட்ட சாமி படத்துக்கு ஒன்பது போட்டாள். நம்பிப் போனவர்கள் வாரம் முழுக்கத் திட்டினார்கள். விசில் பறந்த இன்னொரு படத்துக்கு இரண்டுதான் கொடுத்தாள். நமக்குத் தெரியாத என்னவோ அவளுக்குத் தெரிகிறது என்று பஞ்சவர்ணம்தான் சமாதானம் சொல்லி வைத்தாள்.

அந்தத் தெருவிலேயே அதிகம் படம் பார்த்தவள் மலர்கொடி.

படத்துக்குக் கூட்டிப்போ என்று ஒரு நாளும் அவள் புருஷனிடம் கேட்டதில்லை. அமிர்தலிங்கம் கை நீட்டிய மறுநாள் தலைக்குப் பூ வாங்கிவந்து, கிளம்பு என்பான். கல்யாணமான நாளிலிருந்து பார்த்த படங்கள் அத்தனையும் அப்படிப் பார்த்தவைதான்.

அடி விழுவது தெருவுக்குத் தெரியும். அடித்தாலும் மறுநாளே சினிமாவுக்குக் கூட்டிப்போகிறானே என்று அவனுக்கு நல்ல பெயர்கூட உண்டு.

மார்க் எதற்கு என்பதுதான் யாருக்கும் தெரியாது.

இருட்டுக்கு மார்க். விளக்கு எரிந்தால் வீங்கின கன்னத்துக்கு முந்தானையை இழுக்க வேண்டும். கொட்டகையில் ஆண்கள் பக்கத்துக்கும் பெண்கள் பக்கத்துக்கும் நடுவில் ஒரு குட்டைச் சுவர் இருந்தது. படம் முடியும்வரை அவன் அந்தப் பக்கம், அவள் இந்தப் பக்கம். அந்தச் சுவருக்கும் மார்க் உண்டு. பெரம்பலூர் தியேட்டரில் சுவர் கிடையாது. பக்கத்து நாற்காலியில் அவன் தோள் உரசிக்கொண்டேயிருக்கும்.

கதாநாயகன் பெண்டாட்டியை அறைந்ததற்கு விசில் பறந்த படம்தான் அந்த இரண்டு மார்க் படம். ரேடியோவில் அறையும் சத்தம் மட்டும் வரும். யாருக்கு விழுந்தது என்று முகம் தெரியாததால் அவள் உடம்பு அதைத் தனக்கென்று எடுத்துக்கொள்ளும்.

சாமி படத்தில் யாரும் யாரையும் அடிக்கவில்லை. பாதியிலேயே அவள் தூங்கிப்போயிருந்தாள்.

டெக்கில் இருட்டும் இல்லை, சுவரும் இல்லை. தெருவே அவளைச் சுற்றி உட்கார்ந்திருந்தது.

படம் முடிந்தது. அமிர்தலிங்கம் டெக்கை நிறுத்திவிட்டு, பஸ்ஸில் ஸ்டாப்பிங் பெயர் சொல்கிற குரலில் கூவினான்.

"யாரும் எறங்காதீங்க. மார்க் வருது. மச்சான், ஒங்க தங்கச்சி மார்க் போட்டாத்தான் இந்த ஊர்ல படமே ஓடும்."

கூடம் சிரித்தது.

"கட்டுனவன் டெக்கையே தூக்கிட்டு வந்திருக்கான்," என்றாள் பஞ்சவர்ணம். "பத்துக்குக் கொறச்சா வாயில வசம்பு வச்சுத் தேய்ச்சிருவேன்."

அன்றைக்கு முதல்முறையாக முத்துசாமி தங்கையை நேராகப் பார்த்தான். டிவியின் நீல வெளிச்சம் அவளுடைய வீங்கின இடது கன்னத்தில் விழுந்துகொண்டிருந்தது. பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு, பக்கத்திலிருந்த மஞ்சள் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"நல்ல மார்க்காப் போட்டுடு மலரு. நான் நாலு மணி பஸ்ஸுக்கு நிம்மதியாப் போயிடுறேன்."

"நான் போடலண்ணே," என்றாள் மலர்கொடி.

மெதுவாகத்தான் சொன்னாள். டெக் நின்றுபோயிருந்ததால் கூடம் முழுக்கக் கேட்டது.