பதினோரு மணிக்கு லைன் போகும்

கையும் களவுமாக மாட்டிக்கொண்டான் ஆபீஸ் பியூன் ஜடையன். கையில், கம்ப்யூட்டரிலிருந்து பிடுங்கிய டெலிபோன் வயர்.

"அடப்பாவி! ஒரு மாசமா என் உயிரை வாங்கினது நீதானா?" பீரோவுக்குப் பின்னாலிருந்து பாய்ந்து வந்தார் ரத்தினவேல்.

மைசூரில் அந்த ஊதுபத்திக் கம்பெனிக்கு அவர்தான் மேனேஜர். போன மாசம்தான் ஆபீசுக்கு இன்டர்நெட் வந்தது. அன்றிலிருந்து மனுஷர் நாற்காலியை விட்டு எழுந்தால்தானே! காலையில் கனடாக்காரனோடு சாட்டிங், மத்தியானம் மலேசியாக்காரியோடு. கண் இரண்டும் கோவைப்பழம். கழுத்தில் டாக்டர் மாட்டிவிட்ட பட்டை. டிபன் கேரியர் திறக்காமலே வீட்டுக்குத் திரும்பிப் போகும்.

ஆனால் தினமும் பதினோரு மணிக்கு இன்டர்நெட் செத்துவிடும். திட்டிக்கொண்டே டீ குடிக்கப் போவார். அரை மணி கழித்து வந்தால் சரியாகியிருக்கும். இன்று சந்தேகப்பட்டு ஒளிந்து நின்றதில் குட்டு உடைந்தது.

"சார், வந்துங்க..."

"வாயை மூடு! உலகமே என்கூட பேசக் காத்துக்கிட்டிருக்கு. நீ வயரைப் பிடுங்கி விளையாடறியா? நாளையிலேர்ந்து வேலைக்கு வராதே!"

"அப்படிச் சொல்லாதீங்க சார். இந்த வேலையை நம்பித்தானுங்க ராமாபுரத்துலேர்ந்து குடும்பத்தோட வந்தேன்."

அழாத குறையாகச் சொன்னவன், பழக்கதோஷத்தில் ஆபீசுக்கு இருந்த அந்த ஒரே லைன் வயரை டெலிபோனில் மாட்டிவிட்டான். மாட்டியதுதான் தாமதம், போன் அலறியது. ரத்தினவேல் வெடுக்கென்று எடுத்தார்.

"ஜடையண்ணா, கொள்ளேகால் மல்லம்மா ஸ்டோருங்க. பத்துப் பெட்டி எழுதிக்கோங்க. பதினோரு மணிக்குத்தான் லைன் கிடைக்கும்னு நல்லவேளை கார்டு போட்டீங்க. மத்த நேரம் பூரா என்கேஜ்டுதான். நாங்க வேற கம்பெனிக்கே போயிருப்போமுங்க."

வைத்ததும் மறுபடி அடித்தது. நஞ்சன்கூடு. அப்புறம் மண்டியா. அரை மணியில் ஆறு ஆர்டர். எழுதி எழுதி ரத்தினவேலுக்கு வியர்த்துவிட்டது. 'இன்டர்நெட் வந்ததும் ஆர்டர் குவியுதேய்யா!' என்று முதலாளி நேற்று முதுகில் தட்டியபோது, தானும் ஆமாம் போட்டதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருந்தது.

குரல் இறங்கிவிட்டது. "ஏன்யா, இதை என்கிட்ட ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன?"

ஜடையன் தலையைச் சொறிந்தான்.

"மூணு தடவை கேட்டேனுங்க சார், தினம் அரை மணி வயரை மாத்திக்கட்டுங்களான்னு. நீங்கதான் டைப் அடிச்சுக்கிட்டே, 'தாராளமா செய், என்னைத் தொந்தரவு பண்ணாதே'ன்னீங்க."