சீனி இல்லாத தேத்தண்ணி

குடற்புண்ணுக்காக இரைப்பையில் பாதியை வெட்டியெடுத்த டொக்டர், இனிச் சீனி பட்டால் வியர்த்துத் தலை சுற்றும், தொடவே கூடாதென்று சிற்றம்பலத்துக்குச் சொல்லி அனுப்பினார். அன்றைக்கே நாகேஸ்வரி சீனிப் போத்தலை அயல்வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். விசுவமடுவில் இப்படியொரு பெண்சாதி யாருக்கும் வாய்க்கவில்லையென்று அவளே சொல்லிக்கொண்டும் திரிந்தாள்.

ஆனாலும் தேத்தண்ணி குடித்த கையோடு மனுசனுக்கு வியர்த்தது, நெஞ்சு படபடத்தது, தலை சுற்றியது. திரும்பவும் ஆசுப்பத்திரிக்குக் கொண்டு ஓடினாள்.

"சீனி தின்னுறவரோ?" டொக்டர் கேட்டார்.

"பிள்ளையாராணை இல்லை ஐயா. வீட்டிலையே சீனி இல்லை."

"அப்ப வெட்டினதிலைதான் ஏதோ பிழை. நாளைக்குத் திரும்ப வயித்தைத் திறக்கவேணும்."

சிற்றம்பலத்தின் முகம் செத்துப்போனது. நாகேஸ்வரி கண்ணைத் துடைத்துக்கொண்டு பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணி ஊற்றினாள். சந்தேகம் தீராத டொக்டர் ஒரு வாய் வாங்கிக் குடித்துப் பார்த்தார். வாயெல்லாம் கசந்தது.

"கெட்டிக்காரி," என்றார்.

பூரித்துப்போன நாகேஸ்வரி சேலைத் தலைப்பை அவிழ்த்து, புருசனின் உள்ளங்கையில் இரண்டு துண்டு வைத்தாள்.

"இதென்ன?"

"கடிச்சுக் குடிக்கப் பனங்கட்டி ஐயா. முந்தி ஒரு கரண்டிச் சீனிதான் போடுறனான். பாவம், அதையும் விட்டிட்டாரெண்டு இப்ப ரெண்டு துண்டாய்க் குடுக்கிறன்."