நாலாவது வீடு

மாவட்டம் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, வலது காதை லேசாகப் பின்னால் சாய்த்தார்.

முத்துச்செல்வம் வாயைத் திறக்கவில்லை.

பதினோரு வருடத்தில் இப்படி நடந்ததே இல்லை. அவன் வேலையே அதுதான். கட்சியின் மாவட்டச் செயலாளருக்கு ஓரடி பின்னால் நின்றுகொண்டு பேர், ஊர், ஒரு சேதி, மூன்றையும் அவர் காதில் போட வேண்டும். மிச்சத்தை அவர் பார்த்துக்கொள்வார்.

இன்றைக்கு முழுக்கத் துக்கம் விசாரிப்பு. காலையில் வீரகேரளம்புதூரில், "நாகராஜன், அம்மா தவறி ஆறு நாள், மக மீனா நர்சிங்" என்று போட்டான். மாவட்டம் நாகராஜனைக் கட்டிப்பிடித்து, "மீனா படிப்பு எப்படிப் போவுது?" என்று கேட்டார். அந்த மனுஷன் அம்மாவுக்கு அழுததைவிட அதுக்குத்தான் அதிகம் அழுதிருப்பார்.

கட்சியில் அவரவர் பதவிதான் அவரவருக்குப் பேர். மாவட்டம், ஒன்றியம், நகரம், கிளை. இந்த நாலாவது வீட்டுக்காரர் இதில் ஒன்றாகவும் இருந்ததில்லை. அவருக்குப் பேர் மட்டும்தான் இருந்தது. குற்றாலிங்கம்.

நாற்பது வருடம் சுவரெழுத்து. தேர்தல் வர ஒரு வருடம் இருக்கும்போதே தென்காசியிலிருந்து செங்கோட்டை வரைக்கும் நல்ல சுவராகப் பார்த்து வெள்ளையடித்து, கட்சிப் பேரைப் போட்டு இடம் பிடித்து வைத்துவிடுவார். மாவட்டம் முதன்முதலில் கவுன்சிலருக்கு நின்றபோது அவர் பேரைச் சுவரில் ஏற்றியதும் குற்றாலிங்கம்தான். அன்றைக்கு ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் மாவட்டம்.

"என்னைய அவருக்கு நல்லாத் தெரியும்" என்று குற்றாலிங்கம் சாகிற வரைக்கும் இருமலுக்கு நடுவில் சொல்லிக்கொண்டிருந்தார்.

செத்த அன்றைக்கு அவருக்கு ஒரு போஸ்டர் ஒட்ட நாதியில்லை. பதவியில் இல்லாதவருக்குக் கட்சி போஸ்டர் அடிக்காதாம். நாற்பது வருடம் ஊர்ச் சுவரெல்லாம் எழுதின மனுஷனுக்கு!

இன்றைய பட்டியலில் இந்த வீட்டை முத்துச்செல்வம்தான் சேர்த்தான். ஊர்ப்பட்ட பேரையெல்லாம் சொல்லிக் கொடுத்தாயிற்று, இந்த ஒரு பேரை அவராகச் சொல்லட்டுமே என்று ஒரு பிடிவாதம். சொல்லிவிட்டால் போதும். இந்தப் பதினோரு வருடமும் வீணில்லை என்று மனசைத் தேற்றிக்கொள்ளலாம்.

ஐந்தருவி ரோட்டுச் சந்தில் சாரல் பிடித்துக்கொண்டது. மொட்டைத் தலையில் விழுந்து சில்லென்று இறங்கியது. போன வாரம் நாலு நாள் லீவு முடிந்து அவன் மொட்டையோடு வந்து நின்றபோது, "என்னலே, திருச்செந்தூர் போயிட்டு வெறுங்கையோட வந்து நிக்க, பிரசாதம் எங்க?" என்று கேட்டார் மாவட்டம். பதில் சொல்வதற்குள் அவருக்குப் போன் வந்துவிட்டது.

காது இன்னும் கொஞ்சம் சாய்ந்தது. முத்துச்செல்வம் நேரே பார்த்துக்கொண்டு நின்றான்.

உள்ளே குற்றாலிங்கத்தின் மனைவி மாடத்தி எழுந்து நின்றாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் நாலைந்து பேர் சுவரோரம் ஒதுங்கினார்கள். ஆதார் கார்டு படத்தைப் பெரிதாக்கி மாலை போட்டிருந்தார்கள்.

மாவட்டம் படத்தைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். உதடு லேசாக அசைந்தது.

சொல்லப்போகிறார் என்று முத்துச்செல்வம் ஓரடி முன்னால் வந்தான்.

அவர் திரும்பி மாடத்தியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். ஒன்றும் பேசவில்லை. கண் கலங்கியது. அப்படியே நின்றார்.

"பேச்சே வரல, பாரு" என்று ஒருத்தி மூக்கைச் சிந்தினாள்.

மாடத்தி விம்மி விம்மி அழுதாள். "கடைசி வரைக்கும் இவுகளுக்கு உங்க பேச்சுத்தான். எம்பிள்ளைய நீங்கதான் பாத்துக்கிடணும்."

"நான் இருக்கேன், அக்கா" என்றார் மாவட்டம்.

முந்தின மூன்று வீட்டிலும் அதைத்தான் சொல்லியிருந்தார். நாலு நிமிடத்தில் வெளியே வந்துவிட்டார்கள்.

கார் மெயின் ரோட்டில் ஏறியதும், முன் சீட்டில் இருந்த முத்துச்செல்வத்தின் போன் அடித்தது. அம்மா. விம்மல் இன்னும் அடங்கவில்லை.

"ஏலே முத்து, ஒங்கய்யா சொன்னது நெசந்தாம்லே. மாவட்டம் இவுகள மறக்கவே இல்ல. கண்ணு கலங்கிட்டு, பாத்தியா?"

"பாத்தேம்மா" என்று மெதுவாகச் சொல்லிப் போனை வைத்தான்.

பின் சீட்டிலிருந்து மாவட்டம் கேட்டார். "யாரு வீடுலே அது? காதுல ஒண்ணும் போடாம நிக்க. நல்ல வேளை, சமாளிச்சேன்."

முத்துச்செல்வம் திரும்பவில்லை. வழக்கம்போலச் சொன்னான். "குற்றாலிங்கம். சுவரெழுத்து. ஒரே மகன்."

அந்தப் பேர் அவருக்குப் பிடிபட்டதாகத் தெரியவில்லை. மாடத்தி கேட்டது மட்டும் ஞாபகம் இருந்தது போலிருக்கிறது.

"மகன் என்ன செய்யுதான்?"

"நம்ம கட்சியிலதான் இருக்கான், அண்ணாச்சி."

"அப்படியா? ஒரு நா வந்து என்னப் பாக்கச் சொல்லு. மறந்துராத, பேரக் குறிச்சு வை."

முத்துச்செல்வம் சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்தான். இன்றைய பட்டியலில் ஐந்தாவது வீட்டுக்குக் கீழே தன் பேரை எழுதிக்கொண்டான்.