ஸ்பூனைக் கவ்விய குழந்தை

டாக்டரம்மா குழந்தையின் வயிற்றுத் தோலைக் கிள்ளி விடுகிறார். உடம்பில் தண்ணீர் வற்றியதால், கிள்ளிய மடிப்பு விரியாமல் அப்படியே நிற்கிறது. ஜன்னல் வெளிச்சம் அந்த மடிப்பின் ஒரு பக்கத்தில் மட்டும் விழுகிறது. “எத்தன தடவ வெளிக்குப் போச்சு?” என்று கேட்கிறார். “நேத்திலேருந்து பன்னெண்டு. குடிக்கிறதெல்லாம் தண்ணியாத்தானே போகுதுன்னு, சாயங்காலத்திலேருந்து ஒரு சொட்டு குடுக்கல டாக்டர்,” என்கிறான் அப்பன், பதக்கம் வாங்க வந்தவனைப் போல. இன்று காலையில் இதைச் சொல்லும் மூன்றாவது புத்திசாலி இவன். கிருமி பாதி வேலையை முடிக்க, மீதியை இவன் முடித்து வைத்திருக்கிறான். டாக்டரம்மாவுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம்போல இருக்கிறது. “போன தண்ணிய திருப்பிக் குடுக்கணும்யா! அதான் வைத்தியமே!” உப்பு சர்க்கரைக் கரைசலை ஸ்பூனில் ஊட்டுகிறார். கண்ணீரில்லாமல் அழுதுகொண்டிருந்த குழந்தை மடக்கென்று விழுங்குகிறது. “போதும் டாக்டர், மறுபடி போயிடும்,” என்று அப்பன் தடுக்கக் கை நீட்டுகிறான். குழந்தை, புதிதாய் முளைத்த இரண்டு பல்லாலும் ஸ்பூனைக் கவ்விக்கொண்டு விடமாட்டேன் என்கிறது.