மத்தியானப் பரீட்சை

வருங்கால மாமனார் குடையை மடக்கிக்கொண்டு மண்டி வாசல் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். மேசைமீது சாயப்போன தன் தலையைச் செல்வதுரை பாதி வழியில் பிடித்து நிறுத்தினான்.

அருப்புக்கோட்டையில் காசிராஜனின் பருத்தி மண்டிக்கு அவன்தான் கணக்குப்பிள்ளை. சித்திரை மாதத்தில் முதலாளி மத்தியானச் சாப்பாட்டுக்குப் போனால் வெயில் தாழ்ந்துதான் திரும்புவார். அதுவரை பருத்திப் பொதிகளுக்கு நடுவே நடமாடுபவை ஈக்கள் மட்டுமே. அவையும் அதிகமாகச் சிரமப்பட்டுக்கொள்வதில்லை.

ஆனால் இன்று காலையில் சபை உபதேசியார் வந்து ஒரு சேதியைக் காதில் போட்டுவிட்டுப் போயிருந்தார்.

"நரிக்குடி வேதமுத்து சாருக்கு உன்மேல நல்ல அபிப்பிராயந்தான். ஆனா சோம்பேறிக்கு மகளைக் குடுக்க மாட்டாகளாம். சொல்லாமக் கொள்ளாம ஒருநா வந்து, நீ வேலை பாக்குற லட்சணத்தை நேர்ல பாப்பாக."

"ஆளு எப்படி இருப்பாக?"

"வெள்ளை மீசை, கறுப்புக் குடை."

அவருடைய மகள் ஜெயசெல்வியைச் செல்வதுரை ஒரே ஒரு முறை, அறுப்பின் பண்டிகை விருந்தில் பார்த்திருக்கிறான். சோறு பரிமாறிய அவள் "இன்னுங் கொஞ்சம் வைக்கட்டா?" என்று கேட்டபோதெல்லாம் தலையை ஆட்டிவிட்டு, ராத்திரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டான். அவளுக்காக அவன் எதையும் தாங்குவான் என்பது அன்றைக்கே நிரூபணமாகிவிட்டது. மத்தியானத் தூக்கத்தைத் துறப்பது ஒன்றுதான் பாக்கி.

ஓரக்கண்ணால் பெரியவரை அளந்தான். வெள்ளை மீசை. கறுப்புக் குடை. யுத்தகாலப் பெட்ரோல் பஞ்சத்தால் கரியில் ஓடும் நரிக்குடி பஸ்ஸில் வந்தும், சட்டையில் ஒரு கரிப்பொட்டு இல்லை. எவ்வளவு சுத்தமான மனிதர் என்று வியந்துகொண்டான்.

தூக்கத்தில் கண் சொக்கியது. தொடையைக் கிள்ளிப் பார்த்தான். கிள்ளிய கையும் சேர்ந்து தூங்கப் பார்த்தது. மேசைக்கு அடியில் வாளித் தண்ணீரில் இரண்டு காலையும் வைத்தான். அது இன்னும் சுகமாகத் தாலாட்டியது. கடைசியில் ஒரு வத்தல் மிளகாயைக் கடித்துவிட்டு, கண்ணீர் வழிய, ஊருக்கே கேட்கும்படி கூட்டல் போட ஆரம்பித்தான்.

பெரியவர் திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தார். பார்க்கிறார், பார்க்கட்டும்.

தராசுக்காரன் மொக்கையன் பொதிகளுக்கு நடுவே மல்லாந்து கிடந்தான்.

"ஏலே மொக்கையா, எந்திரி. பொதியெல்லாம் நிறுத்துப் போடு."

"காலையிலதான நிறுத்தோம்?"

"மறுபடி நிறு. வெயில்ல எடை குறைஞ்சிருக்கும்."

மொக்கையன் எழுந்து உட்கார்ந்து அவன் முகத்தை உற்றுப் பார்த்தான். "கணக்கப்பிள்ளை, உடம்புக்கு ஏதுஞ் செய்யுதா?"

"மெதுவாப் பேசு. வாசல்ல இருக்கிறது யாருன்னு தெரியுதா?"

"தெரியாம என்ன?"

"தெரிஞ்சுக்கிட்டுமா படுத்துக் கெடக்க? எந்திரிலே."

சற்று நேரத்தில் பெரியவர் உள்ளே வந்தார். சாக்குக் கட்டுக்குப் பின்னால் இருந்த பானையில் தண்ணீர் மொண்டு குடித்துவிட்டுப் பெஞ்சுக்குத் திரும்பினார். பானை எங்கே என்று கேட்டுத் தன் வேலையைக் கெடுக்காத அந்தப் பண்பு செல்வதுரையின் மனதைத் தொட்டது. குரலை இன்னும் உயர்த்திக் கூட்டினான். அவர் கண் சிவக்கச் சிவக்க அவனையே பார்த்தார்.

வெயில் தாழ்ந்தது. பெரியவர் குடையை எடுத்ததும் செல்வதுரை ஈரக் காலோடு வாசலுக்கு ஓடினான்.

"மாமா, ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போகலாம்."

"என்னைய எதுக்கு மாமாங்கிறீக? நான் தெக்குத்தெரு பூமிநாதன். மத்தியானம் இங்கன வந்துதான் கண்ணசருவேன். இந்த வாசலுக்குத்தான் கொஞ்சம் காத்து வரும்."

"தினமுமா? நான் உங்களைப் பாத்ததே இல்லையே."

"எப்படிப் பாப்பீக? அந்நேரம் உங்க தலை மேசையிலல்ல கெடக்கும். இன்னைக்கு என்ன வந்துச்சோ, கத்திக் கத்திக் கணக்குப் போட்டு என் தூக்கத்தையும் கெடுத்துட்டீக."

செல்வதுரைக்கு ஒரு பக்கம் வெட்கம், ஒரு பக்கம் நிம்மதி. அப்படியானால் மாமனார் இனிமேல்தான் வரவேண்டும். நாளைக்குக் கூடுதலாக நாலு மிளகாய் வாங்கி வைத்துக்கொண்டால் போயிற்று.

"தப்பா நெனைக்காதீக. எனக்குப் பொண்ணு குடுக்க வாரவுகளோன்னு நெனச்சிட்டேன். வேதமுத்துன்னு நரிக்குடிக்காரக. உங்களை மாதிரியே மீசையும் குடையும்."

"அவுகளா? அவுக நேத்தே வந்தாகளே."

செல்வதுரை அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். விருந்துப் பந்தியில் குனிந்து பரிமாறிய ஜெயசெல்வியின் முகம் கண்முன்னே வந்து, மெல்ல விலகிப் போனது.

"நேத்தா? நான் தூங்கிட்டு..."

"நல்ல தூக்கம். எழுப்பட்டான்னு கேட்டேன், வேணாம்னுட்டாக. கொஞ்ச நேரம் உங்களையே பாத்துக்கிட்டு நின்னாக. பெறகு, 'அப்பாடா, என்ன காத்து'ன்னு எம் பக்கத்துல சாஞ்சவுகதான், உங்களுக்கு மேல குறட்டை. நான்தான் பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு தட்டி எழுப்பினேன்."

"போகும்போது ஏதாச்சும் சொன்னாகளா?"

பெரியவர் குடையை விரித்துத் தெருவில் இறங்கினார்.

"'மாப்பிள்ளைய எழுப்பீராதீக'ன்னு சொல்லிட்டுப் போனாக."