ஆறு மணி நாடி

மாலையானால் வார்டில் நெட் போய்விடும். அதனால் ஆறு மணிக்குப் பார்த்து எழுத வேண்டிய நாடித்துடிப்பை நாலு மணிக்கே டேப்லெட்டில் ஏற்றிவிடுவது நர்சுகளின் வழக்கம். "பேப்பர்ல எழுதினப்ப இந்தப் பொய் இல்ல," என்பாள் ரெஜினா. "அப்பவும் இதத்தான்டி செஞ்ச. பேப்பர்ல அடிச்சு எழுதலாம், அவ்வளவுதான்," என்று சிரிப்பாள் மூத்தவள் பிலோமினா. அன்று ஐந்தரைக்கு அந்த வார்டில் படுத்திருந்த துரைக்கண்ணு இறந்துபோனார். டாக்டர் வந்து உறுதி செய்துவிட்டுப் போனார். அதைப் பதிவு செய்ய ரெஜினா டேப்லெட்டைத் திறந்தாள். ஆறு மணி, நாடி எழுபத்திரண்டு என்று நாலு மணிக்கே அவருக்கு அவள் ஏற்றியது அப்படியே இருந்தது. நெட் போய்விட்டதால் எத்தனை முறை அழுத்தியும் அழியவில்லை. அவள் தோளுக்குப் பின்னால் துரைக்கண்ணுவின் மனைவி பவுனு நின்றிருந்தாள். தினமும் கேட்டுக் கேட்டு அவளுக்கு அந்த எண்கள் பழகியிருந்தன. "ஆறு மணிக்கு நல்லாருக்காருன்னு போட்டிருக்கே சிஸ்டர்," என்றாள். கடிகாரத்தில் ஆறாக இன்னும் பத்து நிமிடம் இருந்தது. பவுனு கட்டிலில் போய் உட்கார்ந்து, கணவனின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கினாள். வெள்ளைத் துணியோடு வந்த ரெஜினா அதை விரிக்காமல் பக்கத்திலேயே நின்றாள்.